கன்னிமூலையில் ஒரு குடம்

ஆனி 5, செவ்வாய்

என்ன சாப்பிட்டேன், பிள்ளை எப்போது அசைந்தது என்று தினமும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. ஆறாவது மாதம். காலையில் மூன்று இட்லி, ஒரு டம்ளர் பால். பத்து மணி வாக்கில் அசைந்தது. இவ்வளவு எழுதியும் பக்கம் பாதிகூட நிரம்பவில்லை. மீதியில் மற்றதையும் எழுதுகிறேன். டாக்டரம்மாவிடம் காட்ட வேறு டைரி வாங்கிக்கொள்ளலாம்.

சமையல் மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள் நிற்கின்றன. ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். எங்கள் மனையில் எடுத்த கரிசல் மண்ணைச் சலித்து இரண்டிலும் ஒரே அளவு போட்டிருக்கிறார் இவர். நாளைக்குப் பார்த்தால் மண்ணெண்ணெயில் கிடக்கும் மண் போட்டது போட்டபடி இருக்கும். தண்ணீரில் கிடப்பது ஊறிப் பொங்கி மேலே வந்திருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் இவருடைய பிழைப்பே இருக்கிறது. மண்ணெண்ணெய் வாடை குமட்டுகிறது என்றேன். "ஒரு நாள்தான் கோமு, மூக்கப் பொத்திக்கோ" என்கிறார்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் ஞானகுரு. பொறியியல் கல்லூரியில் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். எந்தக் கரிசல் எந்த மழைக்கு எவ்வளவு பொங்கும், மேலே நிற்கிற வீட்டை எவ்வளவு தூக்கும் என்று கட்டுவதற்கு முன்பே சொல்லிவிட ஒரு கணக்கு வைத்திருக்கிறார். கணக்கு சரிதான் என்று நிரூபிக்க எங்கள் வீட்டையே கட்டிவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா, "மாப்பிள்ள தலைக்குள்ள பூராம் களிமண்ணுதான்" என்று சொல்லிச் சிரித்தது இன்றைக்கும் எங்கள் பக்கம் ஓடுகிறது.

கணக்குப்படி வருகிற ஐப்பசி மழையில் வீடு ஒரு நெல்மணி கனத்துக்கு மேல் அசையாதாம். இந்தத் தை மாதம் பால் காய்ச்சிய அன்றைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அவர் பைக் சத்தம் அடங்கியதும் எனக்கு ஒரு வேலை இருந்தது. முடித்துவிட்டேன்.

ஆனி 8, வெள்ளி

கேப்பைக்கூழ், கத்தரிக்காய் வதக்கல். அசைவு இருக்கிறது. வேலை முடிந்தது.

ஆனி 14, வியாழன்

படுக்கையறைச் சுவரில் ஒரு கீறல். கட்டில் தலைமாட்டுக்கு மேலே, ஜன்னல் மூலையில் கிளம்பிச் சாய்வாக ஒரு முழம் போயிருக்கிறது. தலைமுடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. நகத்தை வைத்தால் நகம் உள்ளே இறங்குகிறது.

இவரிடம் காட்டினேன். "பூச்சு வெடிப்பு. சிமெண்ட் காயும்போது வாரதுதான்" என்றார். சொல்லிவிட்டு மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை எடுத்துவந்தார். கீறலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு நுனியிலும் சிமெண்டைக் குழைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடுமாம்.

"பூச்சுதான்னா கண்ணாடி எதுக்கு?"

"நகரலன்னு நிரூபிக்க."

படித்தவர்களிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. படுத்தால் என் கண் அந்தக் கண்ணாடியை விட்டு நகர மாட்டேன் என்கிறது.

ஆனி 19, செவ்வாய்

எழுதியே விடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் நான் செய்கிற வேலை இதுதான்: வீட்டின் கன்னிமூலையில், படுக்கையறைச் சுவருக்கு வெளியே, ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது. தென்மேற்கு மூலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

அந்த மூலையில் ஒரு வேம்பு நின்றது. இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். மனை வாங்கும்போதே யாரோ மஞ்சள் துணி சுற்றி, சூடம் ஏற்றிய கரி படிந்திருந்தது. வீட்டை ஒட்டி மரம் நின்றால் மண்ணின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிச் சுவரை உட்கார வைத்துவிடும் என்று, போன வருடம் தை மாதம் இவர் வெட்டச் சொன்னார். வெட்ட வந்த மூன்று பேர் துணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நாலாவதாக வந்தவர் தேங்காய் உடைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெட்டினார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தாயி, அம்மா குடியிருந்த எடம். அவ தாகத்தோட நிக்கப்படாது. செவ்வா வெள்ளி ஒரு கொடம் தண்ணி காட்டிருங்க."

நான் காட்டவில்லை. இவர் சிரிப்பார் என்று விட்டுவிட்டேன். அந்தப் பங்குனியிலேயே நாலு மாதக் கரு கலைந்தது.

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். இவரும் சொன்னார். இல்லாமல் இருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பிள்ளை தங்கியது தெரிந்த நாளிலிருந்து ஊற்றிவருகிறேன்.

ஊற்றினால் சொட்டு நிற்பதில்லை. கோடை வெடிப்பு கை நுழைகிற அகலத்துக்கு வாய் பிளந்து கிடக்கிறது. குடத்தைக் கவிழ்த்ததும் எல்லாம் கடகடவென்று உள்ளே போய்விடுகிறது. குனிந்து கேட்டால் ஆழத்தில் யாரோ குடிக்கிற சத்தம். ஒரு குடம் காணாது என்று தோன்றியது. இன்று இரண்டு.

ஆடி 1, செவ்வாய்

அம்மா போன் பண்ணினாள். "ஆடியில கூட்டிட்டு வரப்படாது. ஆவணி பிறக்கட்டும், வளைகாப்புப் போட்டு அழைச்சிட்டு வாரோம்" என்றாள். அதுவரை நான் இந்த வீட்டில்தான்.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அம்மி கிடையாது. காலையில் பறந்துபோன இவருடைய சட்டையைத் தேடி நாலு மனை தாண்டி நடந்தேன். திரும்பி வந்து படுக்கையறைக்குள் போனால் கண்ணாடி உடைந்திருக்கிறது. நடுவில், சுத்தமாக இரண்டு துண்டு.

சாயங்காலம் இவர் அதைப் பார்த்தார். நீளமான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி, வாசல் சுவருக்கும் பின்சுவருக்கும் மட்டம் பார்த்தார். குழாயின் ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு தரம் பார்த்தார். மூன்றாம் தரமும் பார்த்தார்.

"கன்னிமூல ஒரு விரக்கடை ஏறியிருக்கு."

"எறங்கியிருக்கா?"

"ஏறியிருக்கு. ஆடியில காஞ்ச மண்ணு சுருங்கும். வீடு எறங்கினா அது நியாயம். ஏறுதுன்னா..." குழாயைச் சுருட்டினார்.

கீழேயிருந்து ஏதோ மேலே வருகிறது என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. அதை எழுத மாட்டேன்.

வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று குடம்.

ஆடி 5, சனி

தண்ணீர் எங்கோ கசிகிறது என்று முடிவுக்கு வந்துவிட்டார். கொத்தனாரைக் கூட்டிவந்து குளியலறைக் குழாயைத் தோண்டிப் பார்த்தார்கள். சொட்டு ஈரம் இல்லை. கழிவுநீர்த் தொட்டியைத் திறந்தார்கள், அந்த நாற்றத்தில் நான் சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. அதிலும் கசிவு இல்லை. இருந்தாலும் குளியலறையைப் பூட்டிவிட்டார். குளிக்கப் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் அக்காவிடம் போனேன். அக்கா தையல் மிஷினை விட்டு எழுந்திரிக்காமலே, "மண்ணுக்கு வைத்தியம் பாக்குதவரு பொண்டாட்டிய இப்படிச் சோப்பும் கையுமா அலைய விட்டுட்டாரே" என்றாள். சிரித்தேன். சிரித்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது போல இருந்தது.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி இவர் கேட்டார்.

"சொவத்துப் பக்கம் செடிக்கி கிடிக்கித் தண்ணி விடுதியா?"

"நம்ம வீட்ல என்ன செடி இருக்கு?"

கேட்டதற்கு அது பதில் இல்லை. அவர் கவனிக்கவில்லை. சாமிக்குக் காட்டுவது செடிக்கு விடுவதாகாது. நான் பொய் சொல்லவில்லை.

ஆடி 8, செவ்வாய்

இன்று தண்ணீர் உள்ளே போகவில்லை.

மூன்று குடமும் அப்படியே நின்றது. வாய் பிளந்து கிடந்த வெடிப்பு மூடியிருக்கிறது. மஞ்சள் தண்ணீரில் என் முகம்தான் தெரிந்தது. வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறாளா? நான் என்ன குறை வைத்தேன்? மோட்டாரைப் போட்டு ஓஸைக் கொண்டுவந்து அங்கே போட்டுவிட்டு, சாம்பார் கொதித்து இறங்கும்வரை விட்டுவைத்தேன். ஒருவழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

பிள்ளை மத்தியானம் ஒரு தரம் அசைந்தது. நேற்று நாலு தரம்.

படுக்கையறைக் கதவு தரையில் உரசுகிறது. தோளால் தள்ளினால்தான் மூடுகிறது.

ஆடி 13, ஞாயிறு

இவர் முகம் வற்றிவிட்டது. எத்தனை தாளில் போட்டுப் பார்த்தும் கணக்கு ஒத்துவரவில்லை. "எல்லார்ட்டயும் நெல்லு கனம்னு சொன்னேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். கல்லூரியில் பாதி நேரம் இதே நினைப்பாம். பாவமாக இருந்தது. எனக்கு அவர் தைரியம்தான் தைரியம். அவரே பயந்தால் நான் எங்கே போவேன்?

இன்று ஆகரை எடுத்துவந்தார். கையால் திருகித் துளை போட்டு ஆழத்து மண்ணை எடுக்கிற இரும்பு அது. வாசல் பக்கம் நட்டுத் திருகினார். வீடு கட்டுவதற்கு முன்பு சோதனைக்கு மண் எடுத்ததும் அதே இடத்தில்தான்.

"ஏறுறது கன்னிமூலதான? அங்க போட வேண்டாமா?"

"அங்க வேரு தட்டும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். அங்கே இரும்பு இறங்காதது எனக்கும் நிம்மதி. அதனால் மேலே கேட்கவில்லை.

ஆடி 18, வெள்ளி

உள்ளே மாட்டிக்கொண்டேன்.

பெருக்கு நாள் என்று எலுமிச்சைச் சாதம் கிளறினேன். காலையிலேயே ஓஸைப் போட்டுவிட்டேன். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தலைசாய்க்கலாம் என்று வந்தேன். காற்று ஒரு அறை அறைந்து கதவைச் சாத்தியது. இப்போது திறக்க மாட்டேன் என்கிறது. மேல் விளிம்பு நிலைக்குள் கடித்துக்கொண்டு நிற்கிறது. இழுத்தேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

போன் கூடத்தில் கிடக்கிறது. இரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. ஜன்னலில் கம்பி. அக்கா, அக்கா என்று கத்தினேன். ஆடிக்காற்று என் சத்தத்தை எதிர்ப்பக்கம் கொண்டுபோகிறது. கத்தினால் வயிறு இறுகுகிறது. டைரி தலையணைக்கடியில் இருந்தது, அதனால் எழுதுகிறேன்.

கீறலிலிருந்து பூச்சு உதிர்ந்து கட்டிலில் விழுந்தது. கட்டிலை விட்டு ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளை காலையிலிருந்து அசையவில்லை. அம்மா தாயே, நான் எல்லாம் செய்தேனே. வாரம் தவறாமல் காட்டினேனே.

இந்த ஜன்னலிலிருந்து மனை முழுக்கத் தெரிகிறது. எங்கே பார்த்தாலும் வெடிப்பு. பந்து விழுந்தால் எடுக்க முடியாது. தூரத்துப் பருத்திக் காடு வரைக்கும் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கிறது. ஒரே ஒரு இடத்தில் வெடிப்பு இல்லை. ஜன்னலுக்கு நேர் கீழே, வேம்பு நின்ற இடத்தில். அங்கே மண் பம்மென்று உப்பி, சுவரோடு சேர்ந்து மேலே வந்திருக்கிறது. பசும்புல் முளைத்திருக்கிறது.

நான் கரிசலில் பிறந்தவள். தண்ணீர் குடித்த கரிசல் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சமையல் மேடையில் பார்த்தேனே, தண்ணீர்க் குடுவையில்.

கசிவு நான்தான்.

பயத்தில் ஊற்றினேன். ஊற்றினதால் ஏறியது. ஏறினதற்குப் பயந்து இன்னும் ஊற்றினேன்.

யாரோ கூப்பிடுகிற மாதிரி

ஆடி 19, சனி

ஆறுமுகத்தாய் அக்கா வீட்டு முன்னறையில் இருந்து எழுதுகிறேன்.

கூழ் கொடுக்க வந்த அக்காதான் என் குரலைக் கேட்டாள். போன் பண்ணினாள். இவர் ஆசாரியோடு வந்து சேர்ந்தார். ஆசாரி கடப்பாரையை நிலையில் கொடுத்து நெம்பப் போனார். "நெலையத் தொடாதீங்க! மேல சொவரு அதும்மேலதான் உக்காந்திருக்கு" என்று இவர் கத்தினார். இவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. கதவின் கீழ்ப்பாதியை ரம்பத்தால் அறுத்தெடுத்தார்கள். ஏழு மாத வயிற்றோடு நான் உட்கார்ந்தபடியே நகர்ந்து அந்தச் சந்து வழியாக வெளியே வந்தேன். அக்கா என் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். "பொறக்கப்போற பிள்ளைக்கி ஒத்திகை காட்டுதியாட்டி" என்றாள், அவள் கண்ணிலும் தண்ணீர். ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தேன். பிள்ளை ஒரு உதை விட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இன்று காலையில் இவரிடம் சொல்லிவிட்டேன். குடம், ஓஸ், மஞ்சள், எல்லாம். திட்டுவார் என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் முதலில் கேட்டது, "எந்த மாசத்துல இருந்து? எத்தன கொடம்?" முகம் பளிச்சென்று ஆனது. கணக்கில் தப்பில்லை என்ற சந்தோஷம். எனக்கு அந்த நிமிஷம் அவரை அறையலாம் போல இருந்தது. நான் கதவுக்குள் செத்துப் பிழைத்து வந்திருக்கிறேன், இவருக்குக் குடக் கணக்கு.

நான் பார்த்த பார்வையில் அவருக்கே புரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒன் தண்ணி மட்டுமில்ல கோமு. மரம் வருசக்கணக்கா உறிஞ்சி எடுத்த எடம். ஆழம்வரைக்கும் மாவாக் காஞ்சி கெடக்கும். மரத்த வெட்டிட்டா தண்ணி எப்ப கெடச்சாலும் பொங்கும். வகுப்புல நானே நடத்துதேன். அன்னைக்கி அங்க ஒரு துள போட்டிருந்தா கணக்குல வந்திருக்கும்."

"ஏன் போடல?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்து ஒரு மாசம்கூட ஆகல. ஆகர எடுத்துக்கிட்டு நேரா அங்கதான் போனேன். நட்டுவச்சேன். திருகக் கை வரல. எனக்கும் பயமா இருந்துச்சு. வாசல் பக்கம் போய்ப் போட்டுட்டேன்."

ஒரே மூலைக்கு இரண்டு பேரும் பயந்திருக்கிறோம். அவர் சிரிப்பார் என்று நான் மறைத்தேன். நான் உடைந்துவிடுவேன் என்று அவர் மறைத்தார். ஒருவர் வாய் திறந்திருந்தால் வீடு நேராக நின்றிருக்கும்.

ஆடி 22, செவ்வாய்

தண்ணீர் காட்டாத முதல் செவ்வாய். விடிந்ததிலிருந்து கை பரபரக்கிறது. குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன், அப்படியும் கண் அங்கேயே போகிறது. பிள்ளை அசைகிறதா என்று வயிற்றில் கைவைத்தபடியே இருக்கிறேன். அசைகிறது. நாளைக்கும் அசைய வேண்டும்.

இவர் லீவு போட்டுவிட்டார். ஆகரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, "நீயும் வா. தள்ளி நின்னாப் போதும்" என்றார். இத்தனை வருஷத்தில் மண் எடுக்க என்னை அவர் துணைக்குக் கூப்பிட்டதில்லை.

மெதுவாக நடந்து போனேன். அதற்குள் அவர் திருக ஆரம்பித்திருந்தார். முழங்கை ஆழம்வரை சேறாக வந்தது. அதற்கும் கீழே போகப் போக விரலில் பொடிகிற மாதிரிக் காய்ந்த மண். அதில் ஒரு வேர்த்துண்டு. முகர்ந்து பார்த்தேன், இன்னும் வேப்பவாசனை அடித்தது.

"இது இன்னும் குடிக்கும்" என்றார்.

"இன்னும் எவ்வளவு ஏறும்?"

மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தெரியல. லேபுல போட்டுப் பாக்கணும். பாத்தாலும் முழுசாச் சொல்ல முடியாது. ஐப்பசி மழைக்கி இந்த மூல மேல ஏறாம நின்னுக்கிட்டா வீடு நிக்கும். அதுவரைக்கும் அந்த ரூமுக்குள்ள யாரும் போகப்படாது. இங்க ஒரு சொட்டுத் தண்ணியும் விழப்படாது."

"எனக்குப் பயமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான்" என்றார். மறுபடி ஆகரைத் திருகினார்.

அப்போதுதான் அவர் காலைக் கவனித்தேன். வெறுங்கால். செருப்பு இரண்டையும் கோயில் வாசலில் விடுவது போலக் காம்பவுண்டுச் சுவர் ஓரமாகச் சேர்த்துக் கழற்றி வைத்திருந்தார். என் செருப்பையும் அதற்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்து நின்றேன்.